காரை மினுக்குவதில் என்ன சுகம்?



இந்தச் சுகாதாரப் பகுதியில் வழமையாக நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்திரோல் என்றுதான் பேசிக்கொள்வோம். இம்முறை ஒரு மாறுதலுக்காக வாளி, துணி, சம்பூ, மெழுகு பற்றிப் பேசப் போகிறோம். வைத்தியருக்கும் கார் கழுவுவதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. வாசித்து முடித்த பின் நீங்களே முடிவு செய்யுங்கள்.

பாபகூராவின் எந்த ஒழுங்கையில் சனிக்கிழமை காலை நடந்து போனாலும் இரண்டு மூன்று வீட்டு வாசலில் ஒருவர் காரோடு மினைக்கெட்டுக்கொண்டிருப்பதைக் காணலாம். மாவோரி மொழியில் 'பாபா' என்றால் நிலம், 'கூரா' என்றால் சிவப்பு. செம்மண் நிலம் என்று இந்த ஊர்ப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அந்த மண்ணெல்லாம் தன் வெள்ளைக் காரில்தான் வந்து ஒட்டுகிறது என்று எமது நண்பர் ஒருவர் பகிடியாகச் சொல்வார். ஐந்து நிமிடத்தில் இயந்திரம் கழுவித் தரும் இடங்கள் கிறேற் சவுத் வீதியோரம் இருக்க, இவர்கள் ஏன் அரை நாளைச் செலவழிக்கிறார்கள்? ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்க்கும் மனைவிமாருக்கும் இதே கேள்வி உண்டு. "வீட்டுக் குசினியை ஒரு நாளாவது இப்படித் தேய்த்திருக்கிறாரா?" என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். அதற்கு எம்மிடம் பதில் இல்லை! முதற் கேள்விக்கு மட்டும் பதில் தேடுவோம்.

கழுவுவது வேறு, மினுக்குவது வேறு

அழுக்குப் போகத் தண்ணீர் அடிப்பது கழுவுதல். இந்தப் பொழுதுபோக்குக்காரர் செய்வது அதற்கு மேல். முதலில் தண்ணீர் அடித்து மணலைப் போக்குவார். பிறகு இரண்டு வாளி வைப்பார்: ஒன்றில் சம்பூத் தண்ணீர், மற்றதில் துணியை அலசும் வெறும் தண்ணீர். துணியில் ஏறிய மணல் திரும்பவும் காரில் தேய்க்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. அதன் பின் களிமண் போன்ற ஒரு கட்டியால் மெதுவாக வழித்து, கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் தூசு, இரும்புத்துகள், மரப்பால் ஆகியவற்றை எடுப்பார். பின்னர் பொலிஷ், கடைசியாக மெழுகு.

காரின் நிறப் பூச்சுக்கு மேலே நிறமற்ற ஒரு படை இருக்கிறது. அதன் தடிப்பு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன் அளவுதான். எங்கள் தலைமயிரை விட மெல்லியது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்கள் அந்தப் படையில் விழுந்தவை. அழுக்குத் துணியால் அழுத்தித் தேய்ப்பதால் வருபவை அவை. பாத்திரம் கழுவும் திரவம் பாவித்தால் பூசிய மெழுகும் சேர்ந்து கழன்றுவிடும்.

மெழுகைப் பற்றி ஒரு சுவையான தகவல். காருக்குப் பூசும் மெழுகுகளில் பேர்போன கர்னோபா மெழுகு, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. கடும் வரட்சியில் ஓலையின் ஈரம் போய்விடாமல் இருக்க அந்தப் பனை தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. பனையின் ஒரு பகுதியையும் வீணாக்காத ஊரிலிருந்து வந்த எமக்கு இது வியப்பாக இராது.

ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும்

இந்தப் பழக்கத்தை நாம் நியூசிலாந்தில்தான் கற்றோம் என்று நினைத்தால் அது பிழை. யாழ்ப்பாணத்துக் கார்களை நினைத்துப் பாருங்கள். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர், 1950களில் வந்த ஒஸ்ரின் ஏ நாற்பது, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகியவை உலகின் பல இடங்களில் பழைய இரும்புக்குப் போன பிறகும் எங்கள் வீதிகளில் வாடகைக் கார்களாக ஓடின. கலியாண ஊர்வலத்துக்கும் அவைதான், ஆஸ்பத்திரிக்குப் போகவும் அவைதான். காலையில் சந்தியில் காரை நிறுத்தி, சவாரி வரும்வரை துணியும் கையுமாக நிற்கும் சாரதிமாரை யார் மறப்பார்?

1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் அரிதானது, உதிரிப்பாகங்கள் வரவில்லை, பற்றரிக்கும் தடை. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தப் புகை மணத்தை எங்கள் தலைமுறை எங்கே முகர்ந்தாலும் கண்டுபிடிக்கும். கழன்றதைக் கட்டி, தேய்ந்ததைக் கடைந்து, துரு பிடிக்காமல் துடைத்து வைத்தார்கள். அந்தக் காலத்தில் காரைப் பராமரிப்பது பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. 2002 யுத்தநிறுத்தத்தின் பின் ஏ-9 பாதை திறந்து வெளிநாடுகளிலிருந்து ஊருக்குப் போனவர்கள், அதே கார்கள் இன்னமும் ஓடுவதைக் கண்டு படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் இலட்சக்கணக்கானோர் வெளியேறியபோது, வளவுக்குள் நின்ற வாகனத்தை அப்படியே விட்டு வந்தவர்கள் எம்மில் பலர். எரிபொருள் இல்லாத கார் அந்த நெரிசலில் எதற்கு உதவும்? சைக்கிளைத்தான் உருட்டிக்கொண்டு வந்தார்கள். வீடு, வளவு, கார், படிப்புச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் இழந்து வந்த ஒருவர், இந்த நாட்டில் தன் உழைப்பில் முதன்முதலாக வாங்கிய பெரிய பொருள் அனேகமாக ஒரு காராகத்தான் இருக்கும். யப்பானிலிருந்து பாவித்து வந்த காராக இருந்தாலென்ன, கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துத்தான் ஓட்டத் தொடங்கினோம். அந்தக் காரைத் துடைக்கும் கை வெறும் இரும்பைத் துடைக்கவில்லை.

மனதுக்குள் என்ன நடக்கிறது?

ஹங்கேரியக் குடும்பத்தில் பிறந்து பின்னர் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த மிஹாய் சிக்சென்ற்மிஹாயி என்ற உளவியலாளர், ஒரு வேலையில் மனிதன் தன்னையே மறந்து மூழ்கிப் போகும் நிலையை நீண்டகாலம் ஆராய்ந்தார். 1990இல் அதுபற்றி அவர் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. சிறுவயதில் இரண்டாம் உலகப் போரை அனுபவித்தவர் அவர். தடுப்பு முகாமில் இருந்தபோது சதுரங்கம் ஆடும் நேரத்தில் மட்டும் சுற்றிலும் நடப்பதை மறக்க முடிந்தது என்று பின்னர் நினைவுகூர்ந்தார். போரைக் கண்ட எமக்கு இது விளங்காத விடயம் அல்ல.

அப்படி மூழ்குவதற்கு மூன்று விடயங்கள் உதவும் என்று அவரது ஆய்வுகள் காட்டின. ஒன்று, என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு, செய்ததன் பலன் உடனே தெரிய வேண்டும். மூன்று, வேலை எங்கள் திறமைக்கு ஏற்ற அளவு கடினமாக இருக்க வேண்டும்; மிக இலகு என்றால் அலுப்பு, மிகக் கடினம் என்றால் பதற்றம். கார் மினுக்குவதில் மூன்றும் உண்டு. ஒரு கதவை மினுக்கி முடித்தால் பக்கத்துக் கதவோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை அந்தக் கணமே பார்க்கலாம்.

புலம்பெயர் வாழ்க்கையில் எங்கள் முயற்சிக்கு உடனே பலன் தரும் விடயங்கள் எத்தனை? விசா முடிவு எங்கள் கையில் இல்லை. வீட்டுக் கடன் வட்டி எங்கள் கையில் இல்லை. பிள்ளை என்ன படிக்கும் என்பதும் எங்கள் கையில் இல்லை (இருப்பதாக நினைக்கிறோம்!). ஆனால் இந்த ஒரு கார், இந்த ஒரு காலைப்பொழுது, எங்கள் கையில் இருக்கிறது.

தன் கையால் செய்த பொருளை மனிதன் கூடுதலாக மதிக்கிறான் என்பதையும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2012இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், தாங்களே பொருத்திய சாதாரண பெட்டிக்கும் மடித்த கடதாசி உருவத்துக்கும் மக்கள் அதிக விலை கொடுக்க முன்வந்தார்கள். ஆனால் வேலையை முடித்தவர்களுக்குத்தான் அந்த உணர்வு வந்தது. அரைகுறையில் விட்டவர்களுக்கு வரவில்லை. ஆகவே முழுக் காரையும் ஒரே நாளில் செய்ய நேரமில்லை என்றால், சில்லுகளை மட்டும் செய்து முடியுங்கள்.

மனச்சோர்வு சிகிச்சையிலும் இதற்கு ஒரு இடம் உண்டு. "மனம் சரியானால் செய்வேன்" என்று காத்திராமல், சிறிய வேலை ஒன்றைத் திட்டமிட்டுச் செய்யத் தொடங்கினால் மனம் பின்னால் வரும் என்ற அடிப்படையில் ஒரு சிகிச்சை முறை பல நாடுகளில் பரிந்துரைக்கப்படுகிறது. கார் கழுவினால் மனச்சோர்வு மாறும் என்று நாம் சொல்லவில்லை. எழுந்து வாசலுக்குப் போக ஒரு காரணம் இருப்பது நல்லது என்றுதான் சொல்கிறோம்.

தோளோடு தோள் நின்று

எமது சமூகத்தின் நடுத்தர வயது ஆண்கள் வைத்தியரிடம் வந்து "மனம் சரியில்லை" என்று சொல்வது மிகக் குறைவு. "நெஞ்சு அடைக்குது", "தலை இடிக்குது", "வயிறு எரியுது", "நித்திரை இல்லை" என்றுதான் சொல்வார்கள். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கும். மெல்ல மெல்லக் கேட்டால், இரவில் பழைய காட்சிகள் வருவதும், இங்கு கிடைத்த வேலை தன் படிப்புக்கு ஏற்றதில்லை என்ற வருத்தமும், ஊரில் இறந்த தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத துயரமும் வெளிவரும். சிலருக்கு அது வெளிவர ஆண்டுகள் பிடிக்கும்.

ஆண்கள் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவதை விட, ஒரு வேலையில் தோளோடு தோள் நின்று பேசுவது இலகு என்ற கருத்தில்தான் 1990களில் அவுஸ்திரேலியாவில் 'ஆண்கள் பட்டறை' இயக்கம் தொடங்கியது. ஓய்வுபெற்றவர்கள் ஒன்றுகூடி மரவேலை, பழுது பார்த்தல் செய்யும் இடங்கள் அவை. நியூசிலாந்திலும் பல ஊர்களில் உண்டு. ஒரு காரின் இரண்டு பக்கமும் நின்று துடைக்கும் இருவருக்கு இடையிலும் இதுவே நடக்கிறது. கண்ணைப் பார்க்கத் தேவையில்லை, கை வேலையில் இருக்கிறது, பேச்சு இடையிடையே தானாக வருகிறது.

வளர்ந்த பிள்ளை அறைக்கதவை மூடிக்கொண்டு இருக்கிறானா? கூப்பிட்டு வைத்துப் புத்தி சொன்னால் "ம்" என்ற பதில்தான் கிடைக்கும். "தம்பி, அந்த வாளியை ஒருக்கா எடுத்துத் தாவன்" என்று கேட்டுப் பாருங்கள். மகளையும் கூப்பிடுங்கள்; அவளும் கார் ஓட்டப் போகிறவள்தான். வாளி, துணி, சில்லு, கீறல், துரு, மெழுகு என்று தமிழ்ச் சொற்களும் ஒட்டிக்கொள்ளும். நவராத்திரி முடிவில் காரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பதை அவர்கள் கையாலேயே செய்ய விடுங்கள்.

உடலுக்கு எவ்வளவு நன்மை?

1996இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி உடற்பயிற்சியும் ஆரோக்கியமும் பற்றிய ஒரு முக்கிய அறிக்கையை வெளியிட்டார். ஒரு நாளில் சுமார் 150 கலோரி செலவழிக்கும் மிதமான உழைப்புக்கு அதில் உதாரணங்கள் தரப்பட்டன. 45 முதல் 60 நிமிடம் காரைக் கழுவி மெழுகு பூசுவதும் அவற்றில் ஒன்று. ஆனால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். அதே பட்டியலில் படியேறுவதற்கு 15 நிமிடம் போதும் என்று இருக்கிறது. அதாவது கார் மினுக்குவது மெதுவான உழைப்பு. நடைப்பயிற்சிக்கு மாற்று அல்ல. வாரத்துக்கு இரண்டரை மணிநேர மிதமான உடற்பயிற்சி என்பது நியூசிலாந்து சுகாதார அமைச்சின் ஆலோசனை. அதில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கலாம், மிகுதியை நடந்து தீர்க்க வேண்டும்.

எமது தெற்காசிய உடம்புக்கு இதய நோயும் நீரிழிவும் இளவயதிலேயே வருகின்றன. அதனால்தான் இந்நாட்டு வழிகாட்டலின்படி இதய ஆபத்துக் கணிப்பைத் தெற்காசிய ஆண்களுக்கு 30 வயதிலும் பெண்களுக்கு 40 வயதிலும் தொடங்கச் சொல்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு இது முறையே 45, 55. காருக்குத் தவறாமல் தகுதிச் சான்று எடுக்கிறோம். உங்களுக்குக் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?

கவனிக்க வேண்டியவை

• தேய்க்கும்போது நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் துணியைப் போட்டுவிட்டு 111 எண்ணை அழையுங்கள். "வாயுவாக இருக்கும்" என்று இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

• இன்சுலின் அல்லது கிளிக்லசைட் பாவிப்பவர்கள் வெறும் வயிற்றில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. காலைச் சாப்பாட்டின் பின் தொடங்குங்கள். சட்டைப்பையில் இனிப்பு வைத்திருங்கள்.

• நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுகிப்போவதும், மணிக்கட்டில் நரம்பு நெரிந்து விரல்கள் விறைப்பதும் மற்றவர்களை விடக் கூடுதலாக வரும். கூரையை எட்டித் தேய்க்க உறுதியான படி ஒன்றைப் பாவியுங்கள். இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பாவியுங்கள். அதிரும் மினுக்கு இயந்திரத்தை இடைவெளி விட்டு இயக்குங்கள். ஈரக் கையால் தொடாதீர்கள்.

• சில்லைத் தேய்க்கக் குனிந்து நிற்க வேண்டாம். சின்ன முக்காலி போட்டு உட்காருங்கள். வெறுங்காலோடும் நனைந்த செருப்போடும் நிற்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் வேலை முடிந்ததும் பாதத்தைத் துடைத்து, காயம் உண்டா என்று பாருங்கள்.

• சில்லுக் கழுவும் சில திரவங்களில் புளோரைட் சேர்ந்த கடுமையான அமிலங்கள் இருக்கும். பட்டவுடன் நோகாமல், மணிக்கணக்கில் கழித்து உள்ளே எரிச்சலைத் தொடங்கும் வகை அவை. போத்தலின் எச்சரிக்கையை வாசியுங்கள், கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டு தேசிய நச்சு நிலையத்தை 0800 764 766 எண்ணில் அழையுங்கள். வெளிற்றும் திரவத்தையும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், குழந்தைகள் குடித்துவிடும்.

• நியூசிலாந்தின் கோடை வெயிலில் புற ஊதாக் கதிர் மிகக் கடுமையானது. கறுத்த தோலுக்குத் தோற் புற்றுநோய் குறைவு என்றாலும் கண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணியுங்கள். காலை அல்லது மாலை நிழலில் செய்தால் உங்களுக்கும் நல்லது, காரின் பூச்சுக்கும் நல்லது.

• மூடிய கராஜுக்குள் இயந்திரத்தை ஓடவிட வேண்டாம். மணமில்லாத காபன் மொனொக்சைட் உயிரைக் குடிக்கும்.

• காரைப் புல்லில் நிறுத்திக் கழுவுங்கள். வீதியில் ஓடும் சவர்க்காரத் தண்ணீர் சுத்திகரிப்புக்குப் போவதில்லை. மழைநீர்க் குழாய் வழியே ஓடைக்கும், பாஹுரெஹுரே கழிமுகம் ஊடாக மனுகாவ் கடலுக்கும் போகும். 2020 வரட்சியில் ஓக்லாந்தில் குழாய்த் தண்ணீர் அடிக்கவே கட்டுப்பாடு வந்தது நினைவிருக்கட்டும். கிணற்றில் அள்ளிக் குளித்த எமக்கு இரண்டு வாளியில் கார் கழுவுவது கடினமா?

அளவுக்கு மிஞ்சினால்

இனிய பொழுதுபோக்கு எப்போது நோயாகிறது? கழுவி முடித்த காரைத் திரும்பத் திரும்பக் கழுவாமல் இருக்க முடியவில்லை, ஒரு சிறு கறையைக் கண்டால் நித்திரை இல்லை, பிள்ளை ஷூவோடு ஏறினால் கை ஓங்குகிறது, கடன் அட்டையில் மெழுகும் இயந்திரமும் வாங்கிக் குவிகிறது, வீட்டாரைத் தவிர்க்கவே கராஜில் ஒளிகிறார் என்றால், அங்கே சுகம் இல்லை. அதற்குப் பின்னால் பதற்றமோ போரின் வடுவோ இருக்கலாம். இவற்றுக்கு நல்ல சிகிச்சைகள் உண்டு. குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பதற்குத் தயங்காதீர்கள். எந்த நேரமும் 1737 எண்ணை இலவசமாக அழைத்து ஆலோசகரோடு பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு. வாராவாரம் காரைத் துடைத்த ஒருவர் திடீரென்று அதைக் கைவிட்டு, காரில் பறவை எச்சம் காய்ந்து கிடந்தும் பாராமல் சோபாவில் இருக்கிறார் என்றால் அதையும் கவனியுங்கள். விருப்பமான வேலையில் விருப்பம் இல்லாமல் போவது மனச்சோர்வின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. அதை முதலில் காண்பவர் வைத்தியர் அல்ல. மனைவியோ, மகளோ, பக்கத்து வீட்டுக்காரரோதான் காண்பார். "என்ன அண்ணை, இந்தக் கிழமை காரைக் கழுவேல்லையோ?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வரச் சற்று நேரம் பிடித்தாலும் நின்று கேளுங்கள். முடிந்தால் ஒரு துணியை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போய் நில்லுங்கள்.